வெந்நீர்ப் பக்கத்து மரை

இன்று காலை சேவூரில் ஒரு வீட்டு பாத்ரூமில் உட்கார்ந்து, பைப் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திறந்தேன். அதன் நெடி ஏறுவதற்குள் ஜன்னல் வழியாக இன்னொரு வாசனை வந்தது. பக்கத்துச் சந்தில் யாரோ கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டு வேகும் வாசனையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயக்காரர் வீட்டில் பிறந்தவன் நீ. என் கை அப்படியே நின்றுவிட்டது. தூரிகையில் இருந்த பசை பைப்பில் படாமலே காய்ந்தது. மறுபடி தோய்த்தேன், மறுபடி காய்ந்தது. டைல்ஸ் பதிக்க வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. பதினைந்து வருஷம் ஒரே வண்டியில் போய்வந்த இரண்டு பிளம்பர்களுக்குக் கடிதம் எதற்கு? நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது மணி மூன்று. ஐந்து மணிக்கு நான் ஓர் இடத்துக்குப் போயாக வேண்டும். அதுவரை உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. ஏற்கெனவே மூடியிருந்த குழாயை இரண்டு தடவை எழுந்துபோய் மூடிவிட்டு வந்தேன். எழுதினால் கைக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

காலையில் வேலை செய்த வீடு யாருடையது தெரியுமா? கோமதியம்மாவுடையது. ஆமாம், அதே கோமதியம்மாதான். ஆரணியில் தறிகளோடு இருந்த பழைய வீட்டை விட்டுவிட்டு, சேவூரில் நெல்வயலைப் பார்த்தபடி மாடி வீடு கட்டுகிறார். மாடி பாத்ரூமில் ஷவரோடு ஒரு பாத்டப்பும் வைக்கிறோம். டப் வந்து இறங்கிய அன்று தெருவே கூடிவிட்டது. ஒருவர் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்துவிட்டு, சாயம் அலசுவதற்கு ஆழம் போதாதே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். நீ இருந்திருந்தால் அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டியிருப்பாய்.

டப் ஒன்றும் ஆடம்பரத்துக்கு இல்லை. கோமதியம்மாவின் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் தறிக்குழியில் காலை விட்டு மிதித்தவர். இப்போது அவருக்கு முட்டியும் மடங்குவதில்லை, இடுப்பும் மடங்குவதில்லை. காலையில் அரை மணி நேரம் வெந்நீரில் கிடந்தால் கொஞ்சம் நடக்க வருகிறது. பெங்களூரில் இருக்கும் மகன் அதைக் கேட்டு டப்பை வாங்கி அனுப்பியிருக்கிறார். ஆக, அந்தச் சுவருக்குள் தினமும் வெந்நீர் ஓடப்போகிறது.

அந்த வேலையை மேற்பார்வை பார்ப்பது உன் மகள் மலர். சிவில் டிப்ளமோ முடித்து, காண்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்ந்திருக்கிறாள். இந்த வீடு அவள் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்கிற முதல் வீடு. இதை முடித்துக் கொடுத்துவிட்டால் அடுத்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஹெல்மெட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுவரை முறைக்கிறாள். அந்த முறைப்பு உன்னுடையது. நான் அவள் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை.

போன வாரம் பைப் தேர்வில் அவளை நான் படுத்தியிருக்கிறேன் பார். காண்ட்ராக்டர் கட்டுக் கட்டாக வெள்ளை பைப்பைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவள் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிட்டாள். வெள்ளை பைப் பச்சைத் தண்ணீருக்கு மட்டும்தான், வெந்நீர் பட்டால் இளகித் தொங்கும் என்றாள். அது எனக்கும் தெரியும். ஆனால் அடுத்து அவள் வெளிர் மஞ்சள் பைப்பை, சி.பி.வி.சி.யை, கையில் எடுத்ததும் எனக்கு நிலைகொள்ளவில்லை. இரும்பு பைப்பே போட்டுவிடலாம் என்றேன். சேவூர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், நாலைந்து வருஷத்தில் உள்ளே உப்புக் கட்டி வழியை அடைத்துவிடும், அப்புறம் டப் நிரம்புவதற்குள் தண்ணீர் ஆறிவிடும் என்றாள். மறுநாள் போய், செம்பு போடலாமா என்றேன். செம்பு நல்லதுதான், பற்றவைக்க ஆரணியில் யாரைத் தேடுவது என்றாள். அதற்கு மறுநாள், சூடு காட்டி உருக்கி ஒட்டுகிற பச்சை பைப்பைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் அவள் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள். நாலாவது நாள் பைப் துண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சித்தப்பா, பைப்புல ஒண்ணும் குறை இல்ல. நீங்கதான் எதுக்கோ பயந்துகினு கீறீங்க.”

நான் சிரித்து மழுப்பினேன். கடைசியில் அவள் சொன்னபடிதான் ஆயிற்று. பச்சைத் தண்ணீருக்கும் வெந்நீருக்கும் அதே மஞ்சள் பைப். டப்புக்கு முக்கால் இஞ்ச், ஷவருக்கு அரை இஞ்ச். மொட்டைமாடி சோலாரிலிருந்து இறங்கும் முதல் சில அடிகளுக்கு மட்டும் இரும்பு. கோடையில் சோலார் தண்ணீர் கொதிக்கிற பதத்தில் வரும் என்பதால், சுவருக்குள் நுழையும் முன்பே பச்சைத் தண்ணீரைக் கலந்துவிட ஒரு வால்வு. எல்லாம் சரி. ஆனால் எந்த பைப்பைப் போட்டாலும், குழாய் மாட்டுகிற இடத்தில் வளைந்த பித்தளை இணைப்பு, எல்போ, வந்தே தீரும். எல்போ என்றால் உள்ளே மரை, திருகு வரி, இருக்கும். மரை என்றால் திருகுகிறபோது இடுக்கில் எதையாவது சுற்றித்தான் ஆக வேண்டும். எனக்கு பேஜார் அங்கேதான்.

இரும்பா மஞ்சளா என்கிற சண்டை நமக்குப் புதிதா என்ன? சமணர் கோயில் இருக்கிற நம் பக்கத்துத் திருமலை அடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு டேங்க் வேலைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் பைப் அப்போதுதான் ஆரணிக் கடைகளுக்கு வந்திருந்தது. அது பொம்மைச் சாமான், வீட்டுக்கு இரும்புதான் என்று நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். நீ பதில் சொல்லாமல் வண்டியை மலைக்குக் கீழே இருந்த டீக்கடையில் நிறுத்தினாய். பையிலிருந்து வெள்ளையில் ஒரு துண்டு, மஞ்சளில் ஒரு துண்டு எடுத்து மேஜையின் விளிம்பில் நீட்டிவைத்தாய். டீ மாஸ்டர் அசந்த நேரம் பார்த்து கொதிக்கிற கெட்டிலைத் தூக்கிவந்து இரண்டின் மேலும் ஊற்றினாய். வெள்ளை மெல்லத் தலைகுனிந்தது. மஞ்சள் அசையவில்லை. டீ மாஸ்டர் உன்னைத் திட்டிய திட்டில் கோயிலுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை.

“இன்னாடா, இப்ப ஒத்துக்கிறியா? இரும்புன்னா எல்போவுக்கு எல்போ மரை, மரைக்கு மரை நூலு. எவன் எந்த எடத்துல அவசரப்பட்டான்னு யாருக்குத் தெரியும்? இதுல ஒட்டிகினே போயிடலாம்.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. டீக்கடைக்கு வேண்டுமானால் சரி, வீட்டுக்கு இரும்புதான் என்றேன். நீ சிரித்தாய். அதற்கு அடுத்து வந்ததுதான் கோமதியம்மாவின் பழைய வீட்டு வேலை. அங்கே இரும்பே போட வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் நீ விட்டுக்கொடுத்தாய். சுவருக்கு இந்தப் பக்கம் பாத்ரூம், அந்தப் பக்கம் தறி ஓடுகிற அறை. தறியறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் சாயம் போட்ட பட்டுக் கட்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள்.

பட்டு நூலை மரையில் சுற்றுவது என் கண்டுபிடிப்பு. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் இருந்தது என்று உனக்குத் தெரியும். வேறு ஊர் பிளம்பர்கள் சணலைத் தேடிக் கடைக்கு ஓடும்போது, நமக்கு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தறியடியில் ஒரு கைப்பிடி கழிவு நூல் கிடைத்துவிடும். மெல்லிசு, மரையின் ஒவ்வொரு வரியிலும் உட்காரும், இறுக்கினால் இழுத்துப் பிடிக்கும். பச்சைத் தண்ணீர்ப் பக்கம் அப்படிச் சுற்றிய எத்தனையோ வீடுகள் இன்றுவரை ஒழுகவில்லை. ஆனால் நீ முதல் நாளே சொல்லிவிட்டாய், வெந்நீர்ப் பக்கம் மட்டும் அது வேண்டாம் என்று. கச்சாப் பட்டில் பிசின் இருக்கிறது, சூடு பட்டால் அது கரையும், பிசின் போனால் நூல் தொளதொளத்துவிடும் என்றாய். அதற்காகத்தானே உன் வீட்டில் பட்டை வேகவைத்தார்கள். ஆரணியில் பிறந்த யாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

அன்று வெந்நீர்ப் பக்கத்துக்குச் சணல் போதவில்லை. நீ வாங்கிவரக் கிளம்பினாய். டைல்ஸ்காரர் கலவையைக் குழைத்துவிட்டார், கலவை காய்கிறது ஜல்தி ஜல்தி என்று என் தலைமேல் நின்றார். என் குணம் உனக்குத் தெரியும், எனக்கு நிற்கத் தெரியாது. கடைசி இரண்டு மரைக்கும் கையில் இருந்த கச்சாப் பட்டையே சுற்றி இறுக்கிவிட்டேன். டைல்ஸ்காரரும் நானும் பச்சைத் தண்ணீரை விட்டுச் சோதித்தோம், ஒரு சொட்டு கசியவில்லை. கீசர் வாங்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நீ வந்து சேர்ந்தபோது சுவர் மூடியாகிவிட்டது. வெந்நீர்ப் பக்கம் என்ன சுற்றினாய் என்று கேட்டாய். மீதிச் சணலே சரியாக வந்துவிட்டது என்றேன்.

அது பொய். உனக்கு நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் எனக்கு இன்றும் வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் எழுந்து போனேன். வண்டி பெட்ரோல் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். பெட்ரோல் இருக்கிறது. அது இருக்கும் என்று போகும்போதே தெரியும்.

சுவர் எட்டு மாதம் தாங்கியது. அப்புறம் ஒருநாள் கோமதியம்மா வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் தறியறைச் சுவர் முழுக்க ஈரம். அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, அரக்குச் சாயம் மஞ்சளில் ஏறி, மஞ்சள் பச்சையில் ஏறி, ஒரு கட்டுகூடத் தேறவில்லை. அது அவர்கள் மகளின் கல்யாணப் புடவைக்கு, கோமதியம்மா நிறம் பார்த்துப் பார்த்துத் தோய்க்கச் சொன்ன பட்டு. ஊருக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்த வீட்டில், சொந்த மகளுக்குக் கடையில் புடவை எடுக்கும்படி ஆயிற்று. அவர் அழவில்லை. ஈரக் கட்டு ஒன்றைக் கையில் பிழிந்துகொண்டே நின்றார்.

சுவரை உடைத்தது நீ. எல்போவைக் கழற்றி மரையைப் பார்த்ததும் நீ. நான் உன் பின்னால் நின்றேன். சணலாக இருந்தால் பழுப்பாக ஊறிக் கிடந்திருக்கும். அங்கே இருந்தது பிசின் போய் வெளுத்து, தளர்ந்து, மினுமினுப்போடு இருந்த பட்டு. உன் வீட்டு அடுப்பில் ஆயிரம் தடவை நீ பார்த்த பட்டு. உன் முதுகு ஒருகணம் அசையாமல் இருந்ததை நான் பார்த்தேன். பட்டு நூலை வெந்நீரில் சுற்றிய அறிவாளி யார் என்று கோமதியம்மா கேட்டார். நீ திரும்பாமலே பதில் சொன்னாய்.

“நான்தாம்மா சுத்தினேன். தப்பு என்னோடதுதான்.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கப் போனேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். திரும்பி வரும்போது கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினாய். சட்டையைப் பிடிப்பாய் என்று நினைத்தேன், பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ பேசுவேன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். பேசல. சரி, உடு. ரெண்டு பேரு பேரும் கெட்டா சோத்துக்கு இன்னா பண்றது?”

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன செய்தேன் என்பதையும் பேச வேண்டியிருக்குமே.

நம் ஊர் தெரியாதா. ஒரு தறியில் சொன்னது மத்தியானத்துக்குள் எல்லாத் தறிக்கும் போய்விடும். உனக்குப் பட்டுநூல் பிளம்பர் என்று பெயர் வைத்தார்கள். வீட்டு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் என்னிடம், நீங்கள் மட்டும் வாருங்கள், அவர் வேண்டாம் என்று சொன்னார்கள். முதலில் இரண்டு வீட்டை வேண்டாம் என்று சொன்னேன். மூன்றாவது வீட்டுக்குப் போனேன். நீ படவேட்டுப் பக்கம் வாழைத் தோட்டங்களில் மோட்டார் வேலைக்குப் போக ஆரம்பித்தாய். மலையடிவாரம், காற்று நன்றாக இருக்கிறது, சுவரே இல்லாத வேலை, உடைக்கிற பயம் இல்லை என்று சிரித்தபடி சொன்னாய். நானும் சிரித்தேன். உனக்கு அந்த வேலை நிஜமாகவே பிடித்திருக்கிறது என்று நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

எனக்கு என்ன பெயர் வந்தது தெரியுமா? கவனமான பிளம்பர். அந்த வீட்டுக்கு அப்புறம் நான் எந்தச் சுவரையும் வெந்நீர் விட்டுப் பார்க்காமல் மூட விட்டதில்லை. கீசர் வாங்காத வீட்டில்கூட, அடுப்பில் தண்ணீர் காயவைத்துக் கொண்டுவந்து ஊற்றி, ஒருநாள் முழுக்கக் காத்திருந்து தடவிப் பார்ப்பேன். டைல்ஸ்காரர்கள் திட்டுவார்கள். வீட்டுக்காரர்களுக்கு அதைக் கண்டால் மரியாதை. ஒருவர் சொல்லி ஒருவர் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. உன் கெட்ட பெயரின் மேல் உட்கார்ந்துதான் நான் நல்ல பெயர் வாங்கினேன். இதை இவ்வளவு நேராக இன்றுதான் எழுதுகிறேன்.

படவேட்டில் உனக்கு நெஞ்சு வலித்தபோது அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. தோட்டக்காரர் ஒரு பால் வண்டியை நிறுத்தி ஏற்றிவிட்டிருக்கிறார். ஆரணி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆரணியிலேயே ஏதாவது ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் மனைவியிடம் துக்கம் விசாரிக்கும்போது, விதி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன்.

நான் தூரிகையோடு உட்கார்ந்திருந்தபோது கோமதியம்மா டீ எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். மலரிடம் பேச்சுக் கொடுத்தார். நல்ல பெண், பொறுப்பாக நிற்கிறாள், எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்னாள். யார் மகள் என்று கேட்டார். அவள் உன் பெயரைச் சொன்னாள். தயங்கவில்லை, தலை குனியவில்லை, அப்பாவின் பெயரை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொன்னாள். கோமதியம்மா டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டார். மலருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வீட்டுச் சுவர் கதை அவளுக்குத் தெரியும், ஆனால் அப்போது சின்னப் பெண், அது இந்த அம்மாவின் வீடு என்று தெரியாது. நீ வீட்டில் யார் பெயரையும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோமதியம்மா என்னை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். காண்ட்ராக்டருக்கு போன் போட்டு இந்தப் பெண்ணை மாற்றச் சொல்லப் போகிறேன் என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவை சுவர் நனைந்த வீட்டுக்காரருக்கு அந்தப் பயம் வரும்தானே.

“செத்தவங்களைப் பத்திப் பேசக்கூடாதுதான் தம்பி. ஆனா அந்தக் கை வளர்த்த பொண்ணு. எங்க வீட்டுக்காரரு கால் இந்தத் தண்ணியை நம்பிதான் இருக்கு. நீங்க கூடவே இருந்து பாத்தவரு, உங்களுக்குத் தெரியாததா.”

போனைக் கையில் எடுத்துவிட்டார். முதல் தனிப் பொறுப்பு, வீட்டுக்காரர் வேண்டாம் என்றார் என்று ஆகிவிட்டால் அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடக் கட்டடம் கிடைக்காது. காண்ட்ராக்டரிடம் தனியாகப் பேசிச் சமாளிக்கலாமா என்று யோசித்தேன். அவளுக்கு வேறு எங்காவது வேலை பார்த்துத் தரலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நேரத்திலும் சுற்றிக்கொண்டு போகிற வழிகளாகத்தான் என் புத்தி தேடியது. அப்புறம் எப்படியோ சொல்லிவிட்டேன். அந்தப் பழைய வீட்டில் வெந்நீர்ப் பக்கத்து மரையில் பட்டைச் சுற்றியது நான். அவன் வேண்டாம் என்றான். அவன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சுற்றினேன். வந்து கேட்டபோது சணல் என்று பொய் சொன்னேன். உடைத்தபோது அவன் பழியை எடுத்துக்கொண்டான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோமதியம்மா போனைப் புடவை மடிப்பில் வைத்து, திரும்ப எடுத்து, திரும்ப வைத்தார். பிறகு, அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ரெண்டு பேர் பெயரும் கெட வேண்டாம் என்றான், அதற்கு மேல் நான் கேட்கவில்லை என்றேன்.

“பன்னெண்டு வருஷமா ஊரெல்லாம் உங்களை நல்லவருன்னு சொல்லிகினு திரிஞ்சேன். அந்த மனுஷனை என் வாயால எப்படியெல்லாம் பேசினேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க கெளம்புங்க தம்பி. அந்தப் பொண்ணு இருக்கட்டும்.”

நான் பையை எடுத்தேன். வெளியே வந்தால் மாடிப்படியில் மலர் நின்றிருந்தாள். அறைக்குக் கதவு இன்னும் மாட்டவில்லை, எல்லாம் கேட்டிருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்பா இருக்கச்சே சொல்லியிருக்கலாமில்ல?”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், நீங்களே வந்து அவரிடம் சொல்லுங்கள், நான் சொல்லமாட்டேன் என்றாள். இந்தத் தடவை சித்தப்பா என்று கூப்பிடவில்லை. பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய், நான் பாதியில் விட்ட எல்போவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நூலுக்குப் பதிலாக இப்போது மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப் சரியாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். உனக்குக் கோபமா என்று கேட்டேன். நீ பழி ஏற்றுக்கொண்டதை நான் வீணாக்கிவிட்டேனா என்று கேட்டேன். எனக்கு உன்மேலும் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ அன்று திரும்பி என்னைக் காட்டியிருந்தால் நான் ஒருநாள் தலைகுனிந்திருப்பேன், அத்தோடு போயிருக்கும். நீ பெரிய மனசோடு விட்டுக்கொடுத்தாய், நான் பன்னிரண்டு வருஷம் பாதித் தூக்கத்தில் விழித்துக்கொண்டே இருந்தேன். இப்படிச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நீ இல்லாமல் வேலைக்குப் போகும்போதெல்லாம் வண்டியில் பின்சீட்டில் இடம் விட்டுத்தான் உட்காருகிறேன், பழக்கம் போகவில்லை. சுவரைத் தடவிப் பார்க்கிற பழக்கமும் போகாது. போகிற வீட்டிலெல்லாம், சாப்பிடக் கூப்பிட்டால்கூட, கைகழுவப் போன இடத்தில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இதுவரை அதைப் பயத்தில் செய்தேன். இனிமேல் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நாளை முதல் ஆரணியில் யார் என்னைக் கூப்பிடுவார்கள் என்றும் தெரியவில்லை. அது எப்படியோ போகட்டும். இனி எந்த வீட்டில் எந்தச் சுவரைத் தொட்டாலும் உன் மகள் கேட்ட கேள்வி கூடவே வரும், வரட்டும்.

மணி நாலே முக்கால். உன் மனைவி எப்படி என்று உனக்குத் தெரியும். யார் வந்தாலும் என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். உன் காரியத்துக்கு வந்தபோதும் எனக்கு அப்படித்தான் நீட்டினாள். வாங்கி முழுக்கக் குடித்துவிட்டு விதி என்று சொன்னவன் நான். இன்று அந்தச் சொம்பைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்ட பிறகும் அவள் நீட்டினால் குடிப்பேன்.